தனிச்செடி காய்க்காது: டொமட்டியோ நாற்று வளர்த்த பதிவு

தக்காளி வளர்த்துப் பழகிய கைக்கு, காகிதக் கூட்டுக்குள் காய்க்கும் மெக்சிகோ காயான டொமட்டியோவை நாற்று விடுவது கடினமே இல்லை. முளைப்பு நன்றாக இருக்கும், வளர்த்தியில் தக்காளியை முந்தும். ஆனால் தக்காளிக்கு இல்லாத ஒரு நிபந்தனை இதற்கு உண்டு. ஒற்றைச் செடியாக நட்டால் பூவாகப் பூத்துத் தள்ளும், காய் பிடிக்காது. பக்கத்தில் இன்னொரு டொமட்டியோ, மரபளவில் வேறுபட்ட செடி, அதே காலத்தில் பூத்திருக்க வேண்டும். விதை வாங்குவது, நாற்றைக் கழிப்பது, தொட்டி மாற்றுவது, தரையில் நடுவது என்று ஒவ்வொரு படியையும் இந்த ஒன்றை மனதில் வைத்தே செய்தேன். அந்தப் பருவத்தின் பதிவு இது.

நான் இருப்பது இல்லினாய் மாநிலத்தில், சிகாகோவுக்கு மேற்கே உள்ள அரோரா. இங்கே மே மாதம் பாதி தாண்டும்வரை ஓர் இரவுப் பனி வந்து செடியைக் கருக்கிவிடும் என்ற பயம் இருந்துகொண்டே இருக்கும். அக்டோபரில் அது மறுபடி தொடங்கிவிடும். இடையில் கிடைக்கும் மாதங்களுக்குள், பனி தாங்காத ஒரு செடி முளைத்து வளர்ந்து காய்த்து முடிக்க வேண்டுமென்றால் முதல் ஒன்றரை மாதத்தை வீட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். மெக்சிகோவில் பூயெப்லா பக்கத்துக் கிராமங்களில் இந்தப் பாடு கிடையாது. மக்காச்சோளமும் பீன்ஸும் பூசணியும் கலந்து போடும் மில்பா வயல்களில் டொமட்டியோ தானாகவே முளைக்கும். களையெடுப்பவர்கள் அதை மட்டும் விட்டுவைப்பார்கள். எங்கள் தெருவில் பூயெப்லாவிலிருந்து வந்த அம்மா ஒருவர் இருக்கிறார். நாங்கள் எல்லோரும் அவரை சென்யோரா என்றே கூப்பிடுவோம். அவருடைய தாய்வீட்டில் இதற்கென்று நாற்று விட்டதே இல்லையாம். போன வருடம் கீழே விழுந்த பழம்தான் இந்த வருடத்துச் செடி.

டொமட்டியோவைப் பார்த்திராதவர்களுக்கு: நம் ஊர் வரப்பிலும் தரிசிலும் கிடக்கும் சொடக்குத் தக்காளியின் நெருங்கிய உறவு இது. நெற்றியில் அடித்து 'டப்' என்று வெடித்து விளையாடுவோமே, அதே காகிதக் கூடுதான். உள்ளே இருக்கும் காய் மட்டும் எலுமிச்சை அளவுக்குப் பெருத்து, கூட்டை நிரப்பிக் கிழிக்கும். தாவரவியல் பெயர் ஃபைசாலிஸ் ஃபிலடெல்ஃபிகா. அர்ஜென்டினாவின் பட்டகோனியாவில், லகுனா டெல் உன்கோ என்ற இடத்தில், இந்தப் பேரினத்தின் கூட்டுப்பழம் கல்லில் பதிந்த நிலையில் கிடைத்திருப்பதாக 2017இல் அறிவித்தார்கள். வயது 5 கோடியே 20 லட்சம் ஆண்டுகள். கூட்டுக்குள் பழத்தை வைக்கும் இந்த ஏற்பாடு அவ்வளவு பழையது என்று தெரிந்த பிறகு சொடக்குத் தக்காளியை நான் களையாகப் பார்ப்பதில்லை.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லிவிடுகிறேன். சொடக்குத் தக்காளியும், நீலகிரியில் விளையும் கேப் கூஸ்பெரியும் தனிச்செடியாக நின்றே காய்க்கும். அந்தப் பழக்கத்தில் டொமட்டியோவையும் ஒன்று போதும் என்று நினைத்துவிடக் கூடாது.

விதை

கடையில் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்று டோமா வெர்தே என்ற பச்சை ரகம், இன்னொன்று ஊதா ரகம். பாக்கெட் கிடைக்காவிட்டாலும் வழி இருக்கிறது. மெக்சிகோ மளிகைக் கடையில் கூட்டோடு குவித்து வைத்திருக்கும் காய்களில் பெரியதாக, கூடு வெடித்ததாகப் பார்த்து எடுத்து, சமையலறை மேடையில் மஞ்சளாகும்வரை விட்டால் அதன் விதையும் முளைக்கும். கடைக்கு வரும் காய் பெரும்பாலும் இளசிலேயே பறித்தது. அதனால் முளைப்பு சுமாராக இருக்கலாம், கூடுதலாகவே விதைத்துக்கொள்ள வேண்டும். ஒரு காய்க்குள் நூற்றுக்கணக்கில் விதை இருப்பதால் அது பெரிய குறை இல்லை.

ஏன் இரண்டு செடி வேண்டும் என்பதை இங்கே சொல்வதுதான் பொருத்தம். ஒரு செடியின் மகரந்தம் அதே செடியின் சூல்முடியில் விழுந்தால், சூல்தண்டு அதைத் தன்னுடையது என்று கண்டுகொள்கிறது. மகரந்தக் குழாயைக் கீழே போகவிடாமல் நடுவழியில் நிறுத்திவிடுகிறது. வேறு அடையாளம் கொண்ட மகரந்தம் வந்தால் மட்டுமே வழி விடுகிறது. டொமட்டியோவில் இந்த அடையாளத்தை இரண்டு தனித்தனி மரபிடங்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்பதை கே. கே. பாண்டே 1957இல் எழுதிய ஆய்வுக்கட்டுரை காட்டியது.

இதிலிருந்து தோட்டத்துக்கு வேண்டிய சில முடிவுகள் நேராக வந்துவிடுகின்றன. ஒரு செடியின் கிளையை ஒடித்துத் தண்ணீரில் வேர்விடச் செய்தால் பார்வைக்கு இரண்டு செடி இருக்கும். மரபளவில் அது ஒரே செடிதான், ஒன்றுக்கொன்று உதவாது. அதே பாக்கெட்டிலிருந்து வந்த இரண்டு விதைகள் தாராளமாகப் போதும், ஏனென்றால் ஒவ்வொரு விதையும் தனி ஆள். ஒரே பழத்து விதைகள் உடன்பிறப்புகள் என்பதால், இரண்டே செடி வைத்தால் இரண்டும் ஒரே அடையாளத்தோடு அமைந்துவிடும் வாய்ப்பு கொஞ்சம் இருக்கிறது. மூன்று நான்காக வைத்தால் அந்தக் கவலை தீர்ந்தது. இடமிருந்தால் நான்கு என்பதே என் கணக்கு. பச்சையும் ஊதாவும் ஒன்றையொன்று நன்றாகவே கருவுறச் செய்யும். காயின் நிறமும் சுவையும் அதனால் மாறாது. விதை எடுக்கும்போதுதான் கலப்பு தெரியவரும்.

ஏப்ரல் தொடக்கம்: விதைப்பு

மிளகாயையும் கத்தரியையும் பிப்ரவரி கடைசியிலேயே தட்டில் போட்டுவிடுவேன். டொமட்டியோவை அவற்றோடு சேர்த்துப் போடுவதில்லை. இது வேகக்காரச் செடி. சீக்கிரம் போட்டால் மே மாதத்தில் ஜன்னலோரத்தில் ஒல்லியாக நீண்டு, தொட்டிக்குள்ளேயே பூக்கத் தொடங்கிவிடும். நடுவதற்கு ஆறேழு வாரம் முன்பு விதைத்தால் போதும். மே கடைசி வாரத்தில் நடுவதாகக் கணக்கு வைத்து, ஏப்ரல் தொடக்கத்தில் விதைத்தேன்.

கலவைக்குத் தோட்டத்து மண் வேண்டாம். அதில் நாற்றை அழுக வைக்கும் பூஞ்சைகள் இருக்கும், குழிக்குள் இறுகியும் போகும். நான் எடுத்துக்கொண்டது தென்னை நார்க்கழிவும், பெர்லைட் என்ற வெள்ளைப் பொரிகல்லும், கொஞ்சம் சலித்த மண்புழு உரமும். நார்க்கழிவு இங்கே செங்கல் மாதிரி அழுத்திய கட்டியாகக் கிடைக்கிறது. பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் இலங்கையிலிருந்தும் கப்பலேறி வருவதுதான் அதில் பெரும்பகுதி. அட்டையில் கழுவியது என்று போட்டிருந்தாலும் வாளியில் ஊறவைத்து, தண்ணீரை வடித்து, மறுபடி ஒருமுறை அலசிவிடுவது நல்லது. உப்பு மிச்சமிருந்தால் இளநாற்றின் இலை ஓரம் கருகும்.

நாற்று விடுகிறவர்கள் குழித்தட்டு என்று சொல்வதைத்தான் இங்கேயும் பயன்படுத்துகிறேன். கலவையைக் கையில் பிடித்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் வர வேண்டும்; அந்த ஈரத்தில் குழிகளை நிரப்பி, லேசாகத் தட்டி, பென்சில் முனையால் கால் அங்குலம் பள்ளம் செய்து, குழிக்கு இரண்டு விதை போட்டேன். விதை தட்டையாக, கத்தரி விதையைவிடச் சின்னதாக இருக்கும். ஈரக்கையில் ஒட்டிக்கொண்டு வராது. உள்ளங்கையில் கொட்டி, பல்குத்தும் குச்சியின் நனைந்த முனையால் ஒவ்வொன்றாக எடுத்து வைப்பது சுலபம். மேலே மெல்லிய கலவை தூவி, தெளிப்பானால் நனைத்து, மூடியைப் போட்டேன். பச்சைக்கு ஒரு தட்டு, ஊதாவுக்கு ஒரு தட்டு. நாற்றாக இருக்கும்போது இரண்டும் ஒரே முகம். பெயர்ச்சீட்டு இல்லாவிட்டால் எது எதுவென்று காய்க்கும்வரை தெரியாது.

முளைப்புக்கு வெளிச்சத்தைவிடச் சூடுதான் முக்கியம். மண்ணின் வெப்பம் 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் இருந்தால் ஒரு வாரத்துக்குள் தலை தூக்கிவிடும். எங்கள் வீட்டு அடித்தளத்தில் ஏப்ரலில் 17, 18 டிகிரிதான் இருக்கும். அந்தக் குளிரில் விதை மண்ணுக்குள் கிடந்து ஊறி அழுகத்தான் செய்யும். அதனால் தட்டுக்கு அடியில் வெப்பப் பாய் விரித்து, அதன் உணரியை ஒரு குழிக்குள் செருகி 27 டிகிரியில் நிறுத்தினேன். பாய் இல்லாதவர்கள் குளிர்பதனப் பெட்டியின் தலைமேல் வைக்கலாம் என்பார்கள். பழைய பெட்டிகளில் அங்கே சூடு வரும். இப்போதைய பெட்டிகளில் பெரும்பாலும் வருவதில்லை, கையை வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பச்சை ரகம் சொன்னபடி வந்தது. ஒரே காலையில் தட்டு முழுக்க வளைந்த கழுத்துகள். ஊதா ரகம் தயங்கித் தயங்கி, இங்கொன்றும் அங்கொன்றுமாக வந்தது. இந்தத் தயக்கம் பின்னால் பூக்கும் காலம் வரை தொடர்ந்தது.

வெளிச்சம், காற்று, தண்ணீர்

முதல் கழுத்து தெரிந்த அன்றே மூடியை எடுத்துவிட வேண்டும், வெப்பப் பாயையும் அணைத்துவிட வேண்டும். மீதி விதை முளைக்கட்டும் என்று மூடியை வைத்திருந்தால், முளைத்தவை அந்தப் புழுக்கத்தில் நூலாக நீளும். முளைத்ததற்குக் குளுமையும் முளைக்காததற்குச் சூடும் ஒரே தட்டில் கொடுக்க முடியாது; முளைத்ததன் பக்கம் நிற்பதே சரி. ஊதா தட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் பாயின் மேல் விட்டுவைத்தேன். தனித்தனித் தட்டில் போட்டதன் பலன் அப்போது தெரிந்தது.

விளக்குக்குப் பெரிய செலவு தேவையில்லை. கார் நிறுத்துமிடங்களில் மாட்டும் நான்கடி எல்இடி குழல்விளக்கே போதும். அதைச் சங்கிலியில் தொங்கவிட்டு, நாற்றின் நுனிக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கும்படி வைத்தேன். நாற்று வளர வளர விளக்கை உயர்த்த வேண்டும். டைமரில் ஒரு நாளைக்கு 16 மணி நேரம். இரவு இருட்டு செடிக்கும் வேண்டும். ஜன்னல் வெளிச்சத்தை மட்டும் நம்பினால், சிகாகோவின் மேகமூட்டமான ஏப்ரலில் தண்டு சாய்ந்துவிடும். டொமட்டியோவின் தண்டு தக்காளியைவிட மெலிது, ரோமமும் குறைவு. வெளிச்சப் பஞ்சத்தை அது முதலில் காட்டிவிடும்.

சில நாற்றுகள் விதைத்தோலைத் தலையில் மாட்டிக்கொண்டு வெளியே வந்தன. வித்திலை விரிய முடியாமல் மாட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் வித்திலையும் சேர்ந்து வந்துவிடும். தண்ணீர்ச் சொட்டு ஒன்றை அதன்மேல் வைத்து, தோல் ஊறியதும் குச்சி நுனியால் தள்ளினால் கழன்று விழும்.

மேகம் விலகாத ஒரு வாரத்தில், பச்சைத் தட்டின் மூலையில் நாற்றழுகல் தலைகாட்டியது. மாலையில் நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் அடித்தண்டு கிள்ளியது மாதிரி இளைத்து, சாய்ந்து கிடக்கும். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சை வகைக் கிருமிகள் ஈரமும் குளிரும் அசையாத காற்றும் சேர்ந்த இடத்தில் செய்யும் வேலை இது. விழுந்ததை எழுப்ப முடியாது. விழுந்த குழிகளை மண்ணோடு பெயர்த்து வெளியே போட்டேன். தட்டில் மேலிருந்து தெளிப்பதை நிறுத்தி, அடித்தட்டில் அரை அங்குலம் தண்ணீர் விட்டு, அரை மணி நேரத்தில் குழிகள் குடித்ததுபோக மீதியைக் கொட்டிவிட்டேன். மேல்மண் வெளிறிக் காய்ந்த பிறகே அடுத்த தண்ணீர். ஒரு சின்ன மேசை மின்விசிறியை நாற்றுகள் லேசாக அசையும் அளவுக்கு ஓடவிட்டேன். அழுகல் அந்த மூலையோடு நின்றது. விசிறிக்கு இன்னொரு பலனும் உண்டு: காற்றில் அசைந்த தண்டு குட்டையாக, தடிமனாக வளரும். இனி எந்த நாற்றுக்கும் முதல் நாளிலிருந்தே விசிறி உண்டு.

முதல் ஜோடி நிஜ இலை விரிந்ததும் குழிக்கு ஒன்று என்று கழித்தேன். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் கிளம்பும். நகவெட்டிக் கத்தரியால் மண்மட்டத்தில் வெட்டுவதே நல்லது. கழிக்கும்போது கை தானாகப் பெரிய நாற்றைத்தான் விட்டுவைக்கும். இரண்டு ரகத்தையும் ஒரே தட்டில் கலந்து விதைத்திருந்தால், முந்தி வந்த பச்சையே எல்லாக் குழியிலும் மிஞ்சி, பிந்திய ஊதா முழுவதுமாகக் கழிந்துபோயிருக்கும். வேகத்தை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு ரகத்திலும் சிலதாவது கடைசிவரை வரவேண்டும் என்று பார்த்து வெட்டினேன்.

தொட்டி மாற்றம்

இரண்டு மூன்று ஜோடி இலை வந்து, குழியின் அடியில் வெள்ளை வேர் எட்டிப் பார்க்கும்போது நான்கு அங்குலத் தொட்டிக்கு மாற்றினேன். டொமட்டியோவின் தண்டு மண்ணைத் தொட்ட இடத்திலெல்லாம் வேர் விடும். ஆகையால் வித்திலை வரை ஆழமாகப் புதைக்கலாம், புதைக்கவும் வேண்டும். கொஞ்சம் நீண்டுபோன நாற்றையும் இப்படிச் சரிசெய்துவிடலாம். பிடிப்பது எப்போதும் இலையைத்தான். இலை கிழிந்தால் இன்னொன்று வரும், தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும்.

உரம் இந்தக் கட்டத்தில்தான் தொடங்கியது. தண்ணீரில் கரையும் சமச்சீர் உரத்தை, அட்டையில் சொன்னதில் பாதி அளவு, வாரம் ஒருமுறை. மண்புழு உரம் சேர்த்த கலவை என்பதால் அதற்கு மேல் தேவைப்படவில்லை. தழைச்சத்தை ஏற்றினால் இலை கரும்பச்சையாகச் செழிக்கும், தண்டு தளர்ந்துவிடும்.

பச்சை ரகம் ஐந்தாறு இலை வந்ததும் விறுவிறுவென்று உயர ஆரம்பித்தது. அதன் நுனியைக் கிள்ளிவிட்டேன். ஊதாவைக் கிள்ளவில்லை. கிள்ளிய செடி பக்கக் கிளை விட்டு அடர்வதற்குள் பிந்தியது வளர்ந்து ஒட்டிவந்துவிடும். இரண்டும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் பூக்கத் தொடங்க வேண்டும் என்பது நோக்கம். ஓரளவுக்கு உதவியது. முழுக்கச் சமமாகவில்லை, அதைப் பின்னால் சொல்கிறேன்.

மே: வெளியுலகப் பழக்கம்

வீட்டுக்குள் விளக்கடியில் வளர்ந்த இலைக்கு வெயில் புதிது. நேராகக் கொண்டுபோய் மதிய வெயிலில் வைத்தால் இலையில் வெள்ளைத் திட்டு விழுந்து காகிதமாகிவிடும். அரோராவில் வெயிலைவிடக் காற்று பொல்லாதது. மேற்கே சமவெளி; மே மாதக் காற்று தடுக்க ஆளில்லாமல் வரும். முதலில் வீட்டின் வடக்குச் சுவர் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை இளவெயில், பிறகு அரை நாள் என்று ஒரு வாரம் பத்து நாளில் மெல்லப் பழக்க வேண்டும். இரவு 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் என்று வானிலை சொன்னால் தொட்டிகள் கார் ஷெட்டுக்குள் வந்துவிடும். மே நடுவில் ஒருநாள் உறைபனி எச்சரிக்கை வந்தது. ஷெட்டுக்குள் இருந்த என் தொட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை, தெருவில் அவசரமாக நட்டிருந்த பல தக்காளிகள் மறுநாள் காலையில் கறுத்துக் கிடந்தன.

இந்த நாட்களில்தான் உபரி நாற்றுகளைத் தெரிந்தவர்களுக்குக் கொடுப்பேன். பாலாஜி கோயிலுக்குப் போகும்போது ஒரு அட்டைப்பெட்டி நிறைய எடுத்துப்போனேன். யார் கேட்டாலும் இரண்டாகத்தான் கொடுத்தேன், முடிந்தவரை ஒரு பச்சை, ஒரு ஊதா. "இடமில்லை, ஒன்று போதும்" என்றவர்களுக்கும் பெரிய வாளி ஒன்றில் இரண்டையும் சேர்த்தே நடச் சொன்னேன். நாற்றுப் பண்ணையில் வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியதும் இதுதான். ஒரே தொட்டியில் இரண்டு தண்டு இருந்தால் ஒன்றைக் கிள்ளி எறியாதீர்கள். அந்தத் தொட்டிதான் வாங்க வேண்டிய தொட்டி.

நடவு

மே கடைசியில், மண் கைக்குக் குளிரவில்லை என்று தெரிந்ததும் நட்டேன். வெயில் நாள் முழுக்க விழும் இடம். செடிக்குச் செடி மூன்றடி. நாற்றாக இருக்கும்போது இந்த இடைவெளி வீணாகத் தோன்றும், ஜூலையில் அதுவும் போதாது. ஒவ்வொரு குழியிலும் இரண்டு கை மட்கிய உரம், தண்டின் பாதிவரை மண்ணுக்குள். பச்சையையும் ஊதாவையும் ஒன்றுவிட்டு ஒன்றாக நட்டேன். ஒரு செடியிலிருந்து எழுந்த தேனீ அடுத்து உட்காருவது பெரும்பாலும் பக்கத்துச் செடியில்தான் என்பதால் இந்த வரிசை.

கம்பிக்கூண்டை நடும் அன்றே போட்டுவிட வேண்டும். டொமட்டியோ நேராக ஏறாது. கவை கவையாகப் பிரிந்து பக்கவாட்டில் சாயும். கிளை பருத்த பிறகு கூண்டுக்குள் நுழைக்கப் போனால் கணுவில் முறியும். நட்டபின் தண்ணீர் ஊற்றி, வைக்கோலை மூடாக்காகப் பரப்பினேன்.

ஜூன், ஜூலை: பூ

பூவைப் பார்த்தாலே பிடித்துவிடும். நல்ல மஞ்சள், நடுவில் ஐந்து கரும்பழுப்புப் பொட்டு. பச்சை ரகம் ஜூன் நடுவிலேயே பூத்தது. மற்ற செடிகளெல்லாம் அரும்பிலேயே இருக்க, ஒரு பச்சை மட்டும் முந்திக்கொண்டு பூத்தது. அந்தச் செடியின் முதல் பூக்கள் எல்லாம் காம்போடு மஞ்சளாகி உதிர்ந்தன. தேனீக்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தன, வெயிலும் மிதமாகத்தான் இருந்தது. கொண்டுவர வேறு செடியின் மகரந்தம் இல்லை, அவ்வளவுதான். பக்கத்து ஊதா பூக்கத் தொடங்கிய வாரத்தில் அதே பச்சைச் செடியில் பூக்கள் நிற்க ஆரம்பித்தன. பாண்டேயின் கட்டுரையில் படித்தது கண்ணெதிரே நடந்தது. இத்தனை காலம் செடி வளர்த்தும் அந்த வாரம் தந்த சந்தோஷம் எனக்குப் புதிது.

தக்காளிக்குச் செய்வதுபோல் பூங்கொத்தைத் தட்டிவிடுவது இதில் பயன்படாது. தக்காளிப் பூ தன் மகரந்தத்தையே தான் ஏற்கும், அதனால் அதிர்வே போதும். இங்கே மகரந்தம் ஒரு செடியிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போயாக வேண்டும். தேனீ வராத மாடித் தோட்டத்தில் வளர்ப்பவர்கள், காலையில் மெல்லிய தூரிகையை ஒரு செடியின் விரிந்த பூவில் தொட்டு, அடுத்த செடியின் பூவில் தொட வேண்டும். மாற்றித் தொடுவதுதான் முக்கியம், ஒரே செடிக்குள் எத்தனை பூவைத் தொட்டாலும் ஒன்றும் ஆகாது. எங்களுக்குப் பெரிய வண்டுத்தேனீக்களே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டன. பக்கத்தில் துளசியைப் பூக்க விட்டிருந்தேன், அதற்கு வந்தவை இதற்கும் வந்தன.

பூ நின்றதும் கூடு வேகமாக ஊதும். காய் அப்போது பட்டாணி அளவுதான் இருக்கும். விரலால் அமுக்கிப் பார்த்து, வெற்றுக்கூடு என்று பறித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கூடு முதலில், காய் பிறகு. சில வாரம் விட்டால் தானாக நிரம்பும்.

பூச்சிகளில் தொல்லை தந்தது மூன்று கோட்டு உருளைக்கிழங்கு வண்டு. மஞ்சள் உடம்பில் மூன்று கறுப்புக் கோடு. இலையின் அடியில் நடுநரம்பை ஒட்டி ஆரஞ்சு மஞ்சளில் முட்டையிடும். அதன் புழு தன் எச்சத்தையே முதுகில் சுமந்துகொண்டு இலையைத் தின்னும். பார்ப்பவர்கள் ஏதோ அழுக்கு என்று விட்டுவிடுவார்கள். காலையில் இலையைப் புரட்டி முட்டைகளை நசுக்கினேன், வண்டுகளைச் சோப்புத் தண்ணீர்க் குவளையில் தட்டிவிட்டேன். பூக்கும் செடியில் மருந்து தெளிக்க மனமில்லை. தேனீ போய்விட்டால் இந்தச் செடியில் என்ன மிச்சம்?

அறுவடையும் அடுப்பும்

ஆகஸ்ட் தொடக்கத்தில் கூடுகள் அடியில் வெடித்து, பச்சைக் காய் தெரிய ஆரம்பித்தது. சமையலுக்கு அந்தப் பதம்தான். மஞ்சளாக விட்டால் புளிப்பு போய் இனிப்பேறிவிடும். கூட்டை உரித்தால் காய் பிசுபிசுவென்று ஒட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் தேய்த்தால் போய்விடும். உரிக்காமல் கூட்டோடு காகிதப் பையில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று வாரம் கெடாமல் இருக்கும்.

சென்யோரா வீட்டில் இது சல்சா வெர்தே ஆகிறது. காய், பச்சை மிளகாய், பூண்டு, வெங்காயம் எல்லாவற்றையும் எண்ணெயில்லாமல் கோமால் கல்லில் கருகச் சுட்டு, கொத்தமல்லித்தழையோடு அரைப்பார். எங்கள் வீட்டில் துவையல். நல்லெண்ணெயில் உளுந்து, வரமிளகாய், பெருங்காயம் வறுத்தெடுத்து, அதே எண்ணெயில் டொமட்டியோவை நீர் சுண்டும்வரை வதக்கி அரைத்தால் புளியே போட வேண்டியதில்லை. தெலுங்கு நண்பர்கள் பருப்போடு வேகவைத்து பப்பு செய்கிறார்கள், அதுவும் பிரமாதம்.

அடுத்த பருவத்து விதை

செப்டம்பரில் சில காய்களைச் செடியிலேயே விட்டு, தானாகக் கீழே விழுந்த பிறகு பொறுக்கினேன். பச்சை ரகம் மஞ்சளாகவும், ஊதா உள்வரை நிறமேறியும் இருந்தால் விதை முற்றியிருக்கிறது என்று கொள்ளலாம். நான்காக வெட்டி, மிக்ஸியில் நிறையத் தண்ணீரோடு போட்டு, இரண்டு மூன்று முறை விட்டு விட்டு அடித்தால் சதை பிரியும். நல்ல விதை அடியில் தங்கும். சதையும், உள்ளீடில்லாத சாவி விதையும் மிதக்கும், அதை வடித்துவிடலாம். தக்காளி விதைக்குச் செய்வதுபோல் புளிக்கவைக்க வேண்டியதில்லை. தட்டில் பரப்பி, விசிறிக் காற்றில் நன்றாகக் காயவைத்து, காகித உறையில் போட்டுக் குளிர்ந்த உலர்ந்த இடத்தில் வைத்தால் மூன்று நான்கு வருடம் முளைப்புத்திறன் இருக்கும்.

ஒரே செடியில் நல்ல காய் என்று அதிலிருந்து மட்டும் விதை எடுக்கவில்லை. எல்லாச் செடியிலிருந்தும் ஒவ்வொரு காயாக எடுத்துக் கலந்தேன். ஒன்றிலிருந்தே வருடா வருடம் எடுத்தால் எல்லாம் நெருங்கிய உறவாகி, ஒன்றையொன்று ஏற்காத செடிகள் கூடிக்கொண்டே போகும். என் உறையில் இருப்பது இப்போது பச்சையும் ஊதாவும் கலந்த பிள்ளைகள். அடுத்த வருடம் எந்த நிறத்தில் காய்க்கும் என்பதைக் காய்த்த பிறகுதான் பார்க்க வேண்டும். ரகம் சுத்தமாக வேண்டுமென்பவர்கள் தோட்டத்தில் ஒரே ரகத்தை, நான்கைந்து செடியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

உறையைத் திறக்கும் மார்ச் மாதத்தில் பத்து விதையை ஈரக் காகிதத் துவாலையில் சுருட்டி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வெப்பப் பாயின் மேல் வைத்துப் பார்ப்பேன். ஏழெட்டு முளைத்தால் குழிக்கு இரண்டு விதை போதும். அதற்குக் குறைந்தால் மூன்று. இரண்டு மூன்றுதான் முளைத்தது என்றால் புதுப் பாக்கெட் வாங்குவேன். அந்தப் பழைய உறையையும் எறிய மாட்டேன், புதுச் செடிகளின் பக்கத்தில் நட அதிலிருந்தும் ஒன்றிரண்டு நாற்று தேற்றிக்கொள்ளலாம்.